பாறை இடுக்கில் ஒரு பிள்ளை

அடுப்பங்கரையிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் கேட்டது. மெலிந்து, இழுத்து, தாயைத் தேடும் குரல். கொடியில் போட எடுத்த துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள் சுருளியம்மாள்.

விறகுக்கட்டுக்குப் பக்கத்தில், அவள் புருஷன் சோலையின் கம்பளிக்குள்ளிருந்து ஒரு வரையாட்டுக் குட்டி தலையை நீட்டியது. பிறந்து ஓரிரு நாள்தான் இருக்கும்.

"ராஜமலையில அனாதையாக் கெடந்துச்சு, சுருளி. தாயக் காணல. ஒனக்குத்தான் கொண்டாந்தேன்." சோலை கம்பளியை விலக்கிக் காட்டினான்.

ஐப்பசி மழையில் பிறந்த அவர்களுடைய மகள், பேர் வைக்கும் முன்னே கண்ணை மூடிவிட்டாள். அன்றோடு சுருளியின் பேச்சும் பாதியாகிவிட்டது. சங்கரன்கோவில் பக்கமிருந்து இந்தத் தேயிலை மலைக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் கொழுந்துக் கூடையும் லயத்து வரிசையில் ஒரு வீடுமே அவள் உலகம். பிள்ளை போன பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ராஜமலைக்கு நடக்க ஆரம்பித்தாள். யார் கண்ணிலும் படாமல் அழப் போனவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். மாசி வெயிலில் காட்டுப்பூவரசு சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது. புதுப் புல் துளிர்த்திருந்தது. ஈன்ற ஆடுகள் குட்டியைப் பாறை இடுக்கில் ஒளித்துவிட்டு மேயப் போவதையும், மடி கனத்ததும் ஓடி வருவதையும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

"அனாதையில்லங்க. ஒளிச்சு வச்சிட்டு மேயப் போயிருக்கா. இந்நேரம் வந்து கதறிக்கிட்டு நிப்பா."

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சோலையின் அக்காள் வேலுத்தாய் வந்துவிட்டாள். "ஏட்டி, சாமியாப் பாத்துக் குடுத்திருக்கு! மடியில எடுத்துப் போடு. எம் மவன் குடிச்ச பால்பாட்டில் கெடக்கு, தேடி எடுத்தாரேன்" என்று திரும்பி ஓடினாள்.

குட்டி சுருளியின் விரலைக் கவ்வி உறிஞ்சியது. அந்தச் சின்ன நாக்கின் சூடு அவள் நெஞ்சு வரை ஏறியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கதவைச் சாத்திக்கொண்டு இதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள மனசு துடித்தது. கண்ணீர் குட்டியின் நெற்றியில் சொட்டியது. மறுகணம் கம்பளியோடு அதை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எந்தப் பாறைன்னு வந்து காட்டுங்க."

"இப்பவா? போன வருஷம் சரணாலயமாக்குனதுலருந்து வாட்சருங்க சுத்திக்கிட்டுத் திரியானுங்க. குட்டியோட பாத்தா கேசாயிரும்."

"கேசுன்னா எம் பேர்ல எழுதட்டும்."

"பிடிச்சா பிடிச்ச பிடிதான் ஒனக்கு" என்று முணுமுணுத்தபடி சோலை முன்னால் நடந்தான்.

மேலே போகப் போக மூடுபனி இறங்கியது. எந்தப் பாறை என்று தெரியாமல் சோலை தடுமாறி நின்ற இடத்தில், சரிவுக்கு அப்பாலிருந்து சீழ்க்கை போல ஒரு சத்தம். திரும்பத் திரும்ப அதே சத்தம். ஒரு பெட்டை ஆடு பாறைக்குப் பாறை தாவி மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் சுருளி. சோலை தலையைக் குனிந்தபடி, குட்டியை எடுத்த இடுக்கைக் கை நீட்டிக் காட்டினான்.

மனித வாடை பட்ட பிள்ளையைத் தாய் ஒதுக்கிவிடுமோ என்ற பயத்தில், புல்லைப் பிடுங்கிக் குட்டியின் உடம்பெல்லாம் தேய்த்தாள். அதே இடுக்கில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்து, புதர் மறைவில் புருஷன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

குட்டி கத்தியது. தாய் பாய்ந்து வந்தது. மோந்தது. சட்டென்று பின்வாங்கியது. மறுபடியும் நெருங்கி மோந்தது. பிறகு நக்கத் தொடங்கியது. குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது.

வீட்டில் விளக்கேற்றி, பால்பாட்டிலும் கையுமாகக் காத்திருந்தாள் வேலுத்தாய். வெறுங்கையோடு வந்தவர்களைப் பார்த்ததும் பொங்கிவிட்டாள். "கைக்கு வந்ததையும் விட்டுட்டு வந்திருக்கியேட்டி! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"பறிகொடுத்தவ மதினி நான். இன்னொருத்திகிட்டருந்து பறிக்கவும் செய்யணுமா?"

பாட்டிலை மாடத்தில் வைக்கப் போன வேலுத்தாயின் கையைச் சுருளி தடுத்தாள்.

"இத நீங்களே வச்சிருங்க. வேண்டியிருக்கிறப்ப நானே வந்து கேக்கேன்."

"கேப்பியாட்டி?"

"கேப்பேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாட்டிலை முந்தானையில் பொதிந்தபடி வேலுத்தாய் படியிறங்கினாள். அவள் வீட்டு வாசல் சேரும்வரை பார்த்து நின்றுவிட்டு, சுருளி கதவைச் சாத்தினாள்.