கரிச்சான் மறித்த காக்கா

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைத் தோட்டம் என்று சொன்னால் கோவில்பட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு வேம்பு, ஒரு முருங்கை, துவைக்கிற கல், பாத்திரம் கழுவின தண்ணீர் போய் விழுகிற இடத்தில் நாலு கனகாம்பரச் செடி. மீதியெல்லாம் கரிசல் மண்தான். கோடையில் கால் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அது தோட்டம். அதில் வந்து உட்காருகிற குருவிகளை எல்லாம் நான் எழுதி வைத்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குத் தாலுகா ஆபீஸில் டைப் அடிக்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதுவேன். தவிட்டுக்குருவி ஒரு கூட்டம், தேன்சிட்டு ஜோடி, செம்போத்து ஒன்று என்று. பெயர் தெரியாவிட்டால் அடையாளம் எழுதுவேன். ஒரு சட்டம் வைத்திருந்தேன். நானே கண்ணால் பார்த்திருக்க வேண்டும், எங்கள் தோட்டத்தில் அது கால் வைத்திருக்கவும் வேண்டும். மேலே பறந்து போனதெல்லாம் சேர்த்தி இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் மயிலே வந்து ஆடினாலும் எழுத மாட்டேன். பிடிவாதக்காரி என்றால் பிடிவாதக்காரிதான், அப்பா கொடுத்த சொத்து.

குருவி குடிக்கட்டும் என்று உடைந்த பானையின் அடிப்பாகத்தில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். குழாயில் தண்ணீர் வருகிற நாளை ஊரே எண்ணிக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நமக்கே தொண்டைய நனைக்கத் தண்ணி இல்ல. இவ குருவிக்குத் தண்ணிப்பந்தல் வைக்கா!"

திட்டுவாளே தவிர, நான் ஆபீஸ் போன பிறகு அவளே அதில் தண்ணீர் ஊற்றுவாள். எனக்குத் தெரியும். சொல்லிக்காட்டினால் ஊற்றமாட்டாள் என்று சொல்லவில்லை.

அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், சாப்பாட்டில்தான் காட்டுவார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அம்மா கெஞ்சி, அழுது, கடைசியில் அவளும் தட்டைத் தள்ளிய பிறகுதான் எழுந்து வருவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. சீனி வியாதி வந்த பிறகு அம்மா ரொம்பக் கண்டிப்பாகிவிட்டாள். கடைசியாக அவர் வாய் திறந்து கேட்டது ரெண்டு சீனிச்சேவு. "டாக்டர் என்ன சொன்னாவ, மறந்துபோச்சா?" என்று டப்பாவை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். விடிந்து பார்த்தால் ஆள் இல்லை.

"கோவத்தோடயே போயிட்டாவளே" என்று அம்மா அழுத அழுகையை நான் எங்கே போய்ச் சொல்ல.

இறந்தவர்கள் காக்காயாக வருவார்கள் என்று அமாவாசைக்குச் சோறு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காக்கா கொத்தினால்தான் அம்மா பச்சைத் தண்ணீர் குடிப்பாள். வேம்படியில் இலையைப் போட்டு, சோறு, பருப்பு, வடை, பாயசம் எல்லாம் வைப்பாள். பாயசத்தில் சீனி கிடையாது! "ஏம்மா?" என்று கேட்டதற்கு, "மேல போயிட்டா மட்டும் சீனி வியாதி விட்டுருமாக்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்கா தவறாமல் வந்தது. அம்மாவும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சித்திரை முடிந்து கொஞ்ச நாளில் வேம்பின் உச்சியில் ஒரு கரிச்சான் ஜோடி கூடு கட்டியது. கரிசல் மண்ணைக் குழைத்துப் பூசினமாதிரி கருப்பு, மீன்வால் போல இரண்டாகப் பிரிந்த வால். எங்கள் வேம்பில் ஒரு கூடு! எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் காலண்டர் தாள் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதினேன்.

வைகாசி அமாவாசைக்குக் காக்கா வரவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் அம்மா துவைக்கிற கல்லில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதடு காய்ந்து போயிருக்கிறது. இலையில் எறும்பு ஊர்கிறது.

"அந்தக் கரிச்சான்தாம்மா விரட்டுது. கூடு இருக்குல்லா, காக்காய அண்ட விடாது" என்றேன்.

"ஏட்டி, போ. இத்துனூண்டு குருவி காக்காய விரட்டுமாக்கும். அவியளுக்குக் கோவம். உசுரோட இருக்கும்போதும் தட்டத் தொடமாட்டாவ, இப்பவும் தொடமாட்டேங்காவ."

அதற்குப் பிறகு மற்ற நாளிலும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கவளம், ரெண்டு கவளம், அப்புறம் கை கழுவிவிடுவாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. இப்படியே போனால் இவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆனி அமாவாசைக்கு லீவு போட்டேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, எப்போதும்வென்றானிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிட்டார். அம்மா அந்த முறை பாயசத்தில் அள்ளிச் சீனி போட்டிருந்தாள். இலையில் ஒரு கை சீனிச்சேவும் வைத்தாள். வைத்துவிட்டு, "எல்லாம் வச்சிருக்கேன், வாங்க" என்று வேம்பைப் பார்த்துச் சொன்னாள்.

உச்சிப்பொழுது தாண்டியும் ஒன்றும் வரவில்லை. "இன்னுமா கோவம்?" என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எடுத்துக்கொண்டு வேம்படிக்குப் போனார்.

"மைனி, கூட்ட இழுத்துப் போட்டுட்டா சோலி முடிஞ்சுது. குருவிக்காவ நீங்க பட்டினி கெடக்கணுமா?"

"சித்தப்பா, தொரட்டியக் கீழ வைங்க. குஞ்சு இருக்கு!" என்று கத்தினேன். சித்தப்பாவிடம் அப்படி நான் கத்தியதே இல்லை. அவர் மலைத்து நின்றுவிட்டார்.

நான் அம்மாவின் கையை முகத்திலிருந்து விலக்கினேன். "எம்மா, ஒரே ஒரு தடவ என்கூட உக்காந்து பாரு. நான் தினமும் பாக்குதம்லா, அதே மாதிரி பாரு. அந்தா, பக்கத்து வீட்டு மாடியில பாரு."

மாடிச் சுவரில் ஒரு காக்கா உட்கார்ந்து தலையைச் சாய்த்து எங்கள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று இறங்கியது. பாதி வழிகூட வரவில்லை. வேம்பிலிருந்து கரிச்சான் கல் எறிந்தாற்போல் வந்து அதன் முதுகில் ஏறி மண்டையில் கொத்தியது. காக்கா கத்திக்கொண்டு திரும்ப ஓடி மாடிச் சுவரில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கியது, மறுபடி அடி வாங்கியது. அப்புறம் முருங்கைப் பக்கமாகச் சுற்றிப் பதுங்கி வந்தது. அங்கே ஜோடியில் மற்றது காத்திருந்தது.

அம்மா வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி, வரத்தான பாக்காவ. எத்தன தடவ வாராவ பாரு! அடிபட்டு அடிபட்டு வாராவளேட்டி!"

அப்புறம் அவள் அழுதது வேறு அழுகை. சித்தப்பா தொரட்டியோடு ஒரு அடி எடுத்து வைத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வேண்டாம் தம்பி. பிள்ளைகள வச்சிருக்கா, வெரட்டத்தான் செய்வா. நான் மட்டும் விடுவனா?"

இதையெல்லாம் பக்கத்து வீட்டு மாமி மாடியில் துணி காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் புதியம்புத்தூரிலிருந்து பாவாடை சட்டை கொண்டுவந்து கடை வைத்திருந்தார். அப்பாவை இருவரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மைனி, எலைய இங்கன கொண்டாங்க" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

அம்மா தயங்கினாள். "ஒங்க வீட்டுல போயி இதெல்லாம்..."

"நல்லா இருக்கு! அண்ணாச்சிக்கு இது என்ன அசல் வீடா? ஒவ்வொரு நோம்புப் பெருநாளைக்கும் இங்கன வந்து சேமியா பாயசம் ரெண்டு கிண்ணம் குடிச்சிட்டுத்தான போவாவ."

"ரெண்டு கிண்ணமா?" அம்மா அப்படியே நின்றாள். "சீனி போட்டா?"

"சீனி இல்லாம என்ன பாயசம்? மைனிகிட்டச் சொல்லிராதம்பாவ."

"அட மனுசா!" என்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடித்த கையோடு சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாமி வீட்டுப் படியில் ஏறினாள். மாமி துணிகளை ஒதுக்கிச் சுவரில் இடம் செய்து கொடுத்தாள். நானும் சித்தப்பாவும் பின்னாலேயே ஏறி மாடிப் படிவாசலிலேயே நின்றுகொண்டோம். காக்கா தத்தித் தத்தி வந்தது. சோற்றை மிதித்துக் கடந்து, வடையைத் தாண்டி, ஒரு சீனிச்சேவை எடுத்தது. அதை விழுங்கிவிட்டு இன்னொன்றையும் எடுத்தது.

"ரெண்டு" என்றாள் அம்மா. "ரெண்டுதான் கேட்டாவ."

வீட்டுக்கு வந்ததும் நான் காலண்டர் தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தேன். தவிட்டுக்குருவி எழுதினேன், கரிச்சான் ஜோடி எழுதினேன். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அம்மா வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"காக்கா எழுதிட்டியா?"

"அது மாமி வீட்டு மாடியிலல்லாம்மா உக்காந்துது. நம்ம தோட்டத்துல கால் வைக்கல. கணக்குல வராது."

"காக்கா வராட்டி போவுது. ஒங்கப்பா வந்தாவன்னு எழுது."

எழுதினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. "வாசி" என்றாள். "அப்பா வந்தாங்க" என்று வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு அடுப்படியில் போய் மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சோத்தப் போடுட்டி" என்றாள். "பசிக்கி."