வலிக்காத கால்

பதினோரு வருஷமாக அக்னஸ் திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையின் கட்டுப் போடும் அறையில் நர்ஸாக இருக்கிறாள். தீக்காயங்களின் மேலிருந்து இதுவரை அவள் கழுவி எடுத்ததை வைத்து ஒரு மளிகைக் கடையே திறக்கலாம். இட்லி மாவு, பற்பசை, மஞ்சள், பேனா மை. ஒவ்வொரு முறையும் கோபம் வரும். அந்தத் திங்கட்கிழமை வந்த கோபம் வேறு.

முதலில் சத்தம்தான் உள்ளே வந்தது. பின்னாலேயே, பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்கும் சக்கரபாணி. ஒரு மணி நேரத்துக்கு முன் தள்ளுவண்டி சாய்ந்து, சட்டியில் கொதித்த மணல் கொட்டிவிட்டதாம். முன்கை சிவந்து கொப்புளித்திருந்தது.

"ஜல்தி பாருங்க சிஸ்டர், உயிரு போவுது!"

"போற உயிரு இவ்ளோ கத்தாது. குழாயில கையைக் காட்டு."

அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி மனைவி தனம் நின்றாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் வெள்ளையாக மாவு உதிர்ந்திருந்தது.

"காலுல இன்னாம்மா?"

"கொஞ்சம் மணலு புடவைக்குள்ள பூந்துடுச்சி. மாவு தடவிட்டேன். வலியே இல்ல. அவரைப் பாருங்க."

"அவளுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரு சத்தம் போட்டாளா பாருங்க" என்றான் சக்கரபாணி.

அக்னஸ் மாவைக் கழுவினாள். உள்ளே சிவப்பு இல்லை. மெழுகு போல வெளுத்து, தோல் பழைய செருப்பாக விறைத்திருந்தது. ஊசி முனையால் குத்தினாள்.

"குத்துனது தெரிஞ்சுதா?"

"எப்பக் குத்துனீங்க?"

தனத்தின் உள்ளங்கையையே விரல்களோடு எடுத்துக் காயத்தின் மேல் பிடித்து அளந்தாள். ஒரு கை, உடம்பில் ஒரு சதவீதம். ஐந்து கை வந்தது.

"நரம்பே வெந்துபோச்சிம்மா! வலிய எடுத்துச் சொல்ல உள்ள ஆளே இல்ல. அவரு கத்துறாரே, அது ரெண்டு வாரத்துல ஆறிப்போற காயம். உன்னுது தானா ஆறாது."

"அவரைத் திட்டாதீங்க சிஸ்டர். சாயந்திரம் கடை போடணும்..."

"உன்னையும் சேத்துத்தான் திட்டுறேன். யோவ், பொஞ்சாதி வாயத் தொறக்கலன்னா நோவு இல்லன்னு அர்த்தமா?"

சக்கரபாணி குழாயிலிருந்து கையை எடுத்தான். சத்தம் நின்றிருந்தது.

"பஸ் ஸ்டாண்டுலருந்து நடத்தியே கூட்டிக்கினு வந்தேன் சிஸ்டர்."

அக்னஸ் சுத்தமான துணியால் தனத்தின் காலை மூடினாள். டாக்டரைக் கூப்பிடப் போகும்போது கதவை அறைந்து சாத்தினாள்.

அரை மணியில் 108 வந்தது. வியாழக்கிழமை விழுப்புரத்தில் தனத்தின் தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள்.