புறப்பட்ட நாளுக்கு முந்தியது

இப்போது டெலிவிஷனில் ஒரு தொடர் வருகிறது. கப்பல் உடைந்து தீவில் மாட்டிக்கொண்ட எட்டுப் பேரின் கதை. ஒருவன் ரொட்டியை ஒளித்துவைப்பான். உடனே அவனுடைய பழைய வாழ்க்கை திரையில் ஓடும். சிறு வயதில் அவன் பட்டினி கிடந்ததைக் காட்டுவார்கள். ஃபிளாஷ்பேக் என்கிறார்கள். ‘சே, இவனையா திட்டினோம்’ என்று வீட்டில் எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், தூத்துக்குடித் துறைமுக ஆபீசில், அந்த மாதிரிப் பழைய கதைகளை வெட்டி எறிவதுதான் என் உத்தியோகம்.

சரக்கு ஏற்றிப் போகிற பாய்மரத் தோணிக்கு விபத்து என்றால், தப்பி வந்தவர்கள் எங்களிடம் ஸ்டேட்மெண்ட் கொடுக்க வேண்டும். அவர்கள் தமிழில் சொல்வதை நான் இங்கிலீஷில் எழுதி, திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவேன். சேர்ந்த முதல் நாளே ஹெட் கிளார்க் சொல்லிவிட்டார்:

“ஏலே, தோணி பொறப்பட்ட நாள்ல ஆரம்பி. அதுக்கு முந்தி எவன் என்ன சொன்னாலும் தலைய ஆட்டு, எழுதாத.”

ஆனால் யாரும் புறப்பட்ட நாளில் தொடங்கமாட்டார்கள். மாமனார் வீட்டுச் சண்டையில் தொடங்குவார்கள். நான் தலையை ஆட்டுவேன். ஆறு மாதத்தில் அதில் கைதேர்ந்துவிட்டேன்.

அந்தச் சமயம் கொழும்புக்குப் போன ஒரு தோணி, பாய்மரம் முறிந்து பதினொரு நாள் கடலில் மிதந்தது. இருந்த ஐந்து பேரில் நான்கு பேரை ஒரு ஸ்டீமர் ஏற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாமவன் மிக்கேல், புன்னைக்காயல்காரன், ஒன்பதாம் நாள் செத்துப்போனான்.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். இந்தத் தோணியின் தண்டல் சூசை, ஐம்பது வயது. உதடு வெடித்து, பேசும்போது ரத்தம் கசிந்தது. தண்ணீர்ப் பீப்பாயின் மேல் கத்தியோடு உட்கார்ந்து, ஆளுக்கு நாளைக்கு ஒரு சிரட்டை அளந்திருக்கிறார். காய்ச்சலில் கிடந்த மிக்கேல் கெஞ்சியும் இரண்டாம் சிரட்டை கொடுக்கவில்லை. ஸ்டீமர் வந்தபோது பீப்பாயில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

“ஏன் அண்ணாச்சி குடுக்கல?” என்று கேட்டேன்.

“அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும் அய்யா. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாலயும் இப்படித்தான் மெதந்தோம். அப்பயும் நாந்தான் தண்டல். மனசு கேக்காம, கேட்டவனுக்கெல்லாம் மோந்து குடுத்தேன். ஆறாம் நாளு பீப்பா காஞ்சிட்டு. ரெண்டு பேரு செத்தாவ. ஒருத்தன் என் கூடப்பொறந்த தம்பி, என் மடியிலதான் போனான். இனிமே எவன் அழுதாலும் அளவுக்கு மேல குடுக்கமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனேன். இதையும் எழுதுங்கய்யா.”

தலையை ஆட்டினேன். எழுதவில்லை. ஹெட் கிளார்க் போட்ட விதி ஒரு காரணம். பழைய சாவுகளையும் சேர்த்தால் மனுஷனுக்கு ஆபத்து என்று நினைத்தது இன்னொரு காரணம். பெரிய உபகாரம் செய்கிறோம் என்று எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

வாசித்துக் காட்டியபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். “தம்பி கத வரலியே?”

“அது வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்குத்தான் கேடு.”

“படிச்சவிய சொன்னா சரிதான்” என்று பெருவிரலை மையில் வைத்தார்.

அடுத்த வாரம் விசாரணை. விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி, எங்கள் துரை, நான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் இருந்தது, கத்தி இருந்தது, ஒருவன் செத்தான், காகிதத்தில் அவ்வளவுதான். அதைப் படிக்கிற எவருக்கும் ஒரு கல்நெஞ்சக்காரன்தான் தெரிவான். சூசை தம்பி கதையைச் சொன்னார். மொழிபெயர்த்தேன். துரை காகிதத்தைத் தட்டினார். “இதில் அப்படி ஒன்றும் இல்லையே. இப்போது இட்டுக்கட்டுகிறானா?”

சூசை என்னைப் பார்த்தார். ‘அதை வெட்டியது நான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போய்விடும் என்ற பயத்தில் துரையின் கேள்வியை மட்டும் தமிழில் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். சூசையின் தண்டல் லைசென்ஸை ரத்து செய்தார்கள்.

வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“மிக்கேல் பொண்டாட்டி, நான் வேணும்னே கொன்னேன்னு நெனைக்கா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க போய்ச் சொல்லுங்கய்யா” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயல் போனேன். மிக்கேலின் மனைவி திரேசம்மாள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் வெட்டியதையும் சேர்த்து. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“தண்டல் இத வெசாரணையில சொன்னாராக்கும்?”

“சொன்னார்.”

“தொர நம்பலியாக்கும்?”

“நம்பல.”

“நீங்களும் அங்கனதான் நின்னியளா?”

“ஆமா” என்றேன். அவள் குனிந்து கருவாட்டைத் திருப்பிப்போட ஆரம்பித்தாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒருவன் தன் குற்றத்தைத் தானே சொல்லும்போது, அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை வெட்டாதீர்கள். வெட்டிவிட்டால், கேட்கிற இடத்தில் வாயைத் திறந்து சொல்லுங்கள். மறுநாளிலிருந்து நான் யார் சொன்னதிலும் ஒரு சொல்லை விடாமல் எழுதினேன். அதற்கு இரண்டு மெமோ வாங்கினேன், வேலை ஒன்றும் போகவில்லை. அதற்குள் சூசை, என் ஜன்னலுக்கு எதிரே, உப்பு மூட்டை சுமக்க வந்துவிட்டார்.