கட்டம் போட்டுக் கெடுத்த புடவைக் கடை

இணையப் பக்கம் கட்டித் தரும் தொழிலில், கண்ணுக்கு அழகாக இருந்தால் வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள் என்னைப்போல் பலர். நீங்களும் அந்தக் கூட்டம் என்றால் வாருங்கள், சேர்ந்தே வெட்கப்படலாம்.

வரிசை சுத்தம்

காஞ்சிபுரத்தில் சமையலை முடித்த கையோடு பட்டுக் கடைகளுக்குப் பக்கம் கட்டுகிறேன். எனக்குக் கைவந்தது டேபிள் என்கிற கட்டம்தான். பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, மேல் வரிசையில் மூன்று புடவைப் படம், அடுத்த வரிசையில் மூன்று பெயர், அதற்கும் கீழே மூன்று ‘வாங்க’ பொத்தான். இது தலைப்பு, இது ஒரு பொருள் என்று கணினிக்கே புரிகிற குறிகள் உண்டு. அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? எழுத்தைப் பெரிதாக்கினால் தலைப்பு, அவ்வளவுதான். கான்வென்ட்டில் மார்ஜின் கோணினால் முட்டி போட வைப்பார்கள், அந்த வளர்ப்பு. கடைக்காரர் ஏகாம்பரம் பார்த்ததும் பூரித்துப்போனார்: "தறியில ஓட்டின மாதிரி இருக்குது மேடம், ஒரு இழை நகரல!"

முந்தி எங்கே?

கைபேசியில் என் கட்டம் அடங்கவில்லை. வலது ஓரத்துப் படம் திரைக்கு வெளியே போய்விட்டது. தென்னேரியிலிருந்து ஓர் அம்மா போன் செய்து முந்தியைக் காணோம் என்றார். போனைப் படுக்க வைத்துப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். "போனைப் படுக்க வெச்சாச்சு, இன்னும் முந்தி வரல. நானும் படுத்துக்கினு பார்க்கணுமாம்மா?"

இரண்டாவது பொத்தான்

ஐயம்பேட்டை செல்வி பாட்டு டீச்சர். பார்வை கிடையாது, போன் படித்துச் சொல்வதைக் கேட்டே எல்லாம் வாங்குவார். மகளின் முகூர்த்தத்துக்கு அரக்குப் புடவை தேடி என் பக்கத்துக்கு வந்தார். போன் வரிசைப்படி படித்தது: மாம்பழ மஞ்சள், அரக்கு, கருநீலம். பிறகு: வாங்க, வாங்க. மஞ்சள் விற்றுப்போனதால் அதன் பொத்தானை மட்டும் எடுத்துவிட்டிருந்தேன். கண்ணுள்ளவர்களுக்கு அது வெறும் காலி இடம். அவருக்கோ இரண்டாவது பெயர் அரக்கு, ஆகவே இரண்டாவது பொத்தானை அழுத்தினார். பணம் கட்டும் இடத்திலும் பெயர் வைக்காமல் படம் மட்டும் வைத்திருந்தேன்.

சொந்தக்காரர்கள் நடுவில் பெட்டியைப் பிரித்தால் கருநீலம். போனில் அழைத்தார். நானோ, "பக்கத்தில் யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "முகூர்த்தப் புடவை நானே எடுக்குறேன்னு சொல்லியிருந்தேன்மா. இப்ப, ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க."

மறுபடியும்

ஏகாம்பரம் புடவையை மாற்றித்தர ஒப்புக்கொண்டு, அரக்கை எடுத்து வைத்தார். நேரில் கொண்டுவருகிறோம் என்றோம். டீச்சர் மறுத்துவிட்டார், பக்கத்தைச் சரிசெய்யுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கட்டங்களைப் பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு புடவைக்கும் அதன் பெயர், படம், பொத்தான் எல்லாம் ஒன்றாக. தலைப்புக்குத் தலைப்பின் குறி. பொத்தானிலேயே ‘அரக்கு வாங்க’. முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்க போன் செய்தேன். வாயைத் திறக்கவே விடவில்லை: "அதெல்லாம் அப்புறம் கேளுங்க. ஜரிகை பொன்னா வெள்ளியான்னு படத்தைப் பார்த்தா உங்களுக்குத் தெரியும், எனக்கு யாரு சொல்லுவாங்க?"

அதையும் எழுதினேன், டீச்சர் தன் கையாலேயே அரக்கை வாங்கிவிட்டார். நான் இதே கட்டம் போட்டுக் கட்டிய மற்றக் கடைகளின் பக்கங்களைத்தான் இப்போதைக்கு யாரும் காதுகொடுத்துக் கேட்காமல் இருக்க வேண்டும்.