வீட்டு வாய்

புளியிலையை இடித்துப் பிழிந்த சாறு கொதிக்கும்போது ஒரு புளித்த பச்சை வாடை கிளம்பும். மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கிப் பல்லைக் கூசவைக்கும் அந்த வாடை கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்ததென்றால், மாசி பிறந்துவிட்டது என்று அர்த்தம், இனிக் கொஞ்ச நாளைக்குப் பெரியவர்கள் யாரும் உரக்கச் சிரிக்க மாட்டார்கள் என்று அர்த்தம், எனக்குச் சோறு இறங்காது என்றும் அர்த்தம். மற்றப் பிள்ளைகளுக்குப் பயப்படப் பேய் இருந்தது, கணக்கு வாத்தியார் இருந்தார். எனக்கு ஒரு கொட்டை இருந்தது. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு இந்த வயதிலும் சிரிப்பு வரவில்லை.

சேராங்கொட்டை என்று அதற்குப் பெயர். கறுப்பாக, பளபளவென்று, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் தோலுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் மேலெல்லாம் கொப்பளிக்கும், முகம் வீங்கும். சிலருக்கு அது வேகிற ஆவி பட்டாலே போதும். அந்த நஞ்சை முறித்து, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்துக் கிண்டி லேகியமாக்கினால் மூட்டு வாதத்துக்கு அதைப்போல மருந்து கிடையாது என்பது எங்கள் தாத்தாவின் கட்சி. அதை வைத்துத்தான் அவர் தொழிலையே தொடங்கினார். நான் பிறக்கும் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட, பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து நடத்திவந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட நீளக் கட்டடத்தில் மருந்து தயாராகும். அதற்கு எங்கள் வீட்டில் "சாலை" என்று பெயர். வருஷம் முழுக்க இஞ்சி லேகியம், நெல்லிக்காய் லேகியம், வலித் தைலம் என்று மணந்துகிடக்கும் சாலைக்குள், மலையடிவாரத்திலிருந்து அந்த மூட்டை வந்து இறங்கிய நாளிலிருந்து பிள்ளைகள் கால் வைக்கக் கூடாது. அதன் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. "விருந்தாளி வந்தாச்சு" என்பார்கள். "விருந்தாளி குளிச்சாச்சா?" என்றால் புளியிலைச் சாற்றில் கொதித்து முடிந்ததா என்று பொருள். ஒருநாள் கிணற்றடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பெயரை மெல்ல ஒரு தரம் சொல்லிவிட்டு, பிறகு சாயங்காலம்வரை தடிப்பு கிளம்புகிறதா என்று கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பத்தான் செய்தது. கொசுக்கடி என்று அம்மா சொன்னாள், நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எந்த மருந்தானாலும் கடைக்குப் போகும் முன் முதல் வாய் வீட்டு ஆள் ஒருவர் தின்ன வேண்டும்; அதற்கு "வீட்டு வாய்" என்று பெயர். நெல்லிக்காய் லேகியம் என்றால் பிள்ளைகள் நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். விருந்தாளி லேகியத்துக்கு மட்டும் அண்ணன் தம்பி இருவரைத் தவிர வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. அதிலும் கிண்டியவர் தின்னக் கூடாது. ஒரு வருஷம் பெரியப்பா கிண்டினால் அப்பா தின்ன வேண்டும், மறு வருஷம் அப்பா கிண்டினால் பெரியப்பா. கிண்டியவர் தம் கையாலேயே சுண்டைக்காய் அளவு எடுத்துக் கொடுக்க வேண்டும். தின்றவர் சாலை வாசலில் பத்தமடைப் பாயை விரித்து, வேலையாட்கள் எல்லாரும் பார்க்கும்படி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நல்லபடியாக எழுந்த பிறகுதான், வருஷா வருஷம் முதல் ஆளாக வந்து காத்திருக்கும் வள்ளியூர் மருந்துக்கடை அண்ணாச்சி தம் டப்பாக்களை நிரப்பிக்கொள்வார். நஞ்சு முறிந்துவிட்டதா என்று கொட்டையை நசுக்கிப் பார்த்துப் "போதும்" என்று சொல்வதும் கிண்டுகிறவர் இல்லை, மற்றவர்தான். "கிண்டின கைக்குக் கண்ணு தெரியாது" என்று தாத்தா சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

பாயில் அப்பா உட்கார்ந்திருக்கும் வருஷங்களில் நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன், வயிற்றுவலி என்பேன். பொய்யில்லை, நிஜமாகவே வயிற்றைப் பிசையும். கதவோரம் நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் மூக்கைச் சொறிந்தாலும் எனக்குக் குலை நடுங்கும். அப்பாவோ என்னைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டுவார்.

நான் சொல்லவந்த வருஷத்தில் அந்தப் பொங்கலிலிருந்தே பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நிலம் நீச்சுத் தகராறு இல்லை. "இந்த வெசத்தோட இன்னும் எத்தன காலத்துக்கு மல்லுக்கட்டணும், அண்ணே? இதைத் தவிர மத்ததப் பண்ணுவோம்" என்று சாப்பிடும்போது அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பெரியப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். "எங்க அய்யா போட்ட அடுப்ப அணைக்கச் சொல்லுதான். பயந்தவன் திங்க வேண்டாம். போ." அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் முறைய நான் விடமாட்டேன். நீங்க கிண்டுங்க, நான் திங்கேன்" என்றார். அதன் பிறகு ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு வாசலால் போய்வந்தார்கள். பெரியப்பா தனியாகவே புளியிலை கொதிக்கவைத்தார், தனியாகவே கொட்டையை நசுக்கிப் பார்த்தார். அப்பா சாலைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று இவர் இருக்க, தானாக வரட்டும் என்று அவர் இருக்க, அந்தப் "போதும்" என்ற ஒரு சொல்லைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

அம்மா பெரியம்மாவிடம் அடுப்படியில் வைத்துக் கேட்டது என் காதில் விழுந்தது. "மொகம் பாத்துப் பேசாத மனுசன் கையால கிண்டினத இவுக எப்படிக்கா திம்பாக?" பெரியம்மா அரிவாள்மணையில் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த நிமிஷம் ஒரு நினைப்பு வந்தது, எழுதவே கூசுகிறது. பெரியப்பா வேண்டுமென்றே ஏதாவது செய்துவிடுவாரோ என்று நினைத்தேன். பங்குனித் தேருக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன மனுஷரைப் பற்றித்தான் நினைத்தேன். பயம் வந்துவிட்டால் பிள்ளை மனசு என்றெல்லாம் கிடையாது, அது எங்கே வேண்டுமானாலும் போகும்.

அந்த நாளும் வந்தது. வள்ளியூர் அண்ணாச்சி முதல் பஸ்ஸுக்கே வந்து வேட்டியை மடித்துக்கட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா குளித்து விபூதி பூசிப் பாயில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் மத்தியானம் இறக்கிவைத்த லேகியம், வாய் கட்டிய பித்தளைப் பானையில் முன்னால் இருந்தது. பெரியப்பாவைக் காணவில்லை. வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெயில் ஓட்டைத் தாண்டி முற்றத்தில் இறங்கியும் அவர் அறைக்கதவு திறக்கவில்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அம்மாவின் கை ஈரமாக இருந்தது.

"இந்த வருசம் வேணும்னா விட்டுருவோமே" என்றார் வள்ளியூர்க்காரர், பைய.

அது அப்பாவுக்கு இன்னும் குத்தலாகிவிட்டது. "கையால எடுத்துத் தரக்கூட அவுகளுக்கு மனசில்ல போல. இருக்கட்டும். நானே எடுத்துக்கிடுதேன்" என்று பெரியப்பா அறைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டுப் பானைத் துணியை அவிழ்த்தார். கரண்டியில் எடுத்தார். கருகருவென்று மின்னியது. "அப்பா, வேண்டாம்ப்பா" என்று கத்த நினைத்தேன். பக்கத்தில் அம்மா "முருகா, முருகா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பீ! வாயில வச்சிராதீங்க!"

பெரியம்மா தலை அவிழ்ந்து ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி ஒருவர் வந்தார். வேட்டியைப் பார்த்துத்தான் பெரியப்பா என்று தெரிந்தது. துண்டு நழுவியபோது நான் அலறிவிட்டேன். கண் இரண்டும் வீங்கி மூடிப்போய், உதடு தடித்துத் தொங்கி, கன்னமெல்லாம் நீர் கோத்து நின்றது. பேச முடியாமல் தொண்டையில் என்னவோ ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு, கையைக் காற்றில் துழாவி, அப்பாவின் தோளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கை வழியாகவே தடவிவந்து கரண்டியைத் தட்டிவிட்டார்.

"நேத்து எறக்குன ஒடனே ஆரும் பாக்காம தின்னுருக்காரு" என்று பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எனக்குக்கூடச் சொல்லல. தம்பிக்கு ஒண்ணுன்னா நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு இருப்பேன்னு தின்னுருக்காரு. விடிஞ்சா வத்திரும், வத்திரும்னு, நான் எடுத்துக் குடுக்காம தம்பி திங்கமாட்டான்னு கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தாரு. நீங்க 'நானே எடுத்துக்கிடுதேன்'னு சொன்ன சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சு ஓடியாந்தாரு."

கிண்டியவர் தின்னக் கூடாது என்ற வழக்கத்தைப் பெரியப்பா அந்த ஒரு தரம்தான் மீறினார்.

அண்ணாச்சி ஓடிப்போய் ஒரு வேன் பிடித்துவந்தார். அப்பா அண்ணனைத் தூக்கிக்கொண்டு அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூச்சு அடைத்துவிடுமோ என்று டாக்டரே பயந்தாராம். அவர்கள் திரும்பிவரும்வரை வீட்டில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. எதிர்வீட்டிலிருந்து இட்லி வந்தது. பானையோடு அவ்வளவு லேகியத்தையும் வயலோரம் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள், மேலே முள் வெட்டிப் போட்டார்கள். அந்த வழியாகப் போகும்போது நான் இப்போதும் கொஞ்சம் சுற்றித்தான் போவேன்.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. இடது கன்னத்தில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு கடைசிவரை இருந்தது. பேச்சு வந்ததும் அப்பாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தையை அப்பா ஆயிரம் தரம் சொல்லியிருப்பார். "ஏலே, பாத்துச் சொல்ல நீ இல்லலா. நானே போதும்னு சொல்லிட்டேம்லே." அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து வாய்விட்டு அழுதாராம். மறு வருஷம் அப்பா கிண்டினார். பெரியப்பா பக்கத்தில் நின்று நசுக்கிப் பார்த்துப் "போதும்" என்றார். அவர் உடம்பு இனி அதைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், யார் தடுத்தும் கேளாமல் பெரியம்மா போய்ப் பாயில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் எனக்கு வயிற்றுவலிதான்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வயதாகிப் போய்ச் சேர்ந்தார்கள். தொழில் இன்று எங்கள் கையில், பெரியப்பா மகனும் நானுமாக. அண்ணன் விற்பனையைப் பார்க்கிறார். மருந்துப் படிப்பு படித்த நான் தரம் பார்க்கிறேன். அம்பாசமுத்திரம் ரோட்டில் பெரிய கட்டடம். கொட்டை நஞ்சு நீக்கியே வெளிமாநிலத்திலிருந்து நீல டிரம்களில் வருகிறது. அதை நீக்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்கும் தெரியாது. வேலைக்கு வருகிற பிள்ளைகள் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு டிரம்மை உருட்டுகிறார்கள். விருந்தாளி இல்லை, புளியிலை வாடை இல்லை, வாசலில் பாய் இல்லை. பயமும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் அப்பாவைப் பார்க்கக் கல்லிடைக்குறிச்சி போயிருந்தேன். அவருக்கு இப்போது முழங்கால் மடங்கவில்லை. புதிதாக இறங்கிய விருந்தாளி லேகியத்தில் ஒரு பாட்டில் என் பையில் இருந்தது, எடுத்து வைத்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாருட்டி கிண்டினது?"

"மிஷின் கிண்டுதுப்பா."

"போதும்னு யாரு சொன்னா?"

"லேப்ல பாத்து ரிப்போர்ட் தருவாங்க. நான் பாத்துக் கையெழுத்துப் போடுதேன்."

"திங்கது?"

"அதெல்லாம் இப்ப கெடையாதுப்பா."

அப்பா பல்லில்லாத வாயால் சிரித்தார். "அப்பச் சரி. என் முறைதான்" என்று மூடியைத் திருகி, கரண்டிகூடக் கேட்காமல், விரலால் சுண்டைக்காய் அளவு வழித்து வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னட்டி? ஒன் மருந்துதான? என்னத்துக்குக் கையப் பிடிக்கே?"

ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை; அன்று காலையில்தான் இரண்டு தரம் படித்திருந்தேன். சேலைத் தலைப்பால் அவர் விரலை அழுத்தித் துடைத்தேன், நகக்கண் வரைக்கும் துடைத்தேன். காலையில் நான் கையெழுத்துப் போட்ட கையோடு அதே லேகியம் பெட்டி பெட்டியாக வள்ளியூருக்கு வண்டி ஏறிப் போயிருந்தது.