சவரக் கடைக் கொல்லையில் எடுத்த படங்கள்

பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறைக்கு இருபத்திரண்டு படிகள் ஏற வேண்டும். குறுகலான படிகள், நடுவில் ஒரு திருப்பம், பட்டப்பகலிலும் இருட்டு. படம் எடுத்துக்கொள்ள யாரும் வராததற்கு அந்தப் படிகள்தான் காரணம் என்று முதல் ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கிள்ளானில் ஒரு சீனருடைய படக்கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். அவர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். அதையும் முக்காலியையும் கறுப்புத் துணியையும் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தவன் நான். ரயில்வே ஆட்கள் அத்தனை பேர் இருக்கிற இடம், எல்லாருக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது, ஆளுக்கொரு படம் எடுத்து அனுப்பாமலா இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

படியேறி வந்த சிலரும் மூன்று நாள் தாடியோடு வந்தார்கள். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் தாடையைத் தடவிப் பார்ப்பார்கள். "அடுத்த வாரம் சவரம் பண்ணிட்டு வரேன்" என்று எழுந்து போவார்கள். பிறகு வரவே மாட்டார்கள்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சவரக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் அஞ்சடியில், கடைமுன் நடைபாதையில், ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வேலையில்லாமல் ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஒன்றைக் கவனித்தேன். சவரம் முடிந்து எழுந்தவர்கள் உடனே வெளியே போவதில்லை. சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார்கள். சட்டைக் காலரைச் சரி செய்கிறார்கள். தங்கள் முகம் தங்களுக்கே பிடித்துப்போகிற அந்த இரண்டு நிமிஷத்தில் நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று தோன்றியது.

கடைக்காரர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் பேசாதவர். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கடைக்குப் பின்னால் கிணற்றடியை ஒட்டிக் கொஞ்சம் கொல்லை இருக்கிறது, காலையில் நல்ல வெளிச்சம் விழுகிறது, மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டினால் போதும், முடிவெட்டி முடித்ததும் அப்படியே பின்பக்கம் அனுப்பிவையுங்கள், படம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"கண்ணாடியில பாத்துட்டுப் போறானே, அது போதாதா தம்பி?" என்றார்.

"அவர் பாத்தாப் போதும்தான் அண்ணே. ஊர்ல இருக்கறவங்க எந்தக் கண்ணாடியில பாப்பாங்க?"

கொஞ்ச நேரம் கத்தியைத் தீட்டினார். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஆள் தயாருன்னு நான் சொல்லணும். நான் சொல்லாம நீ யாரையும் உக்கார வைக்கக் கூடாது."

அப்படி ஆரம்பித்தது எங்கள் கூட்டு. சோப்பும் படிகாரமும் மணக்க மணக்க ஆட்கள் கொல்லைக்கு வந்தார்கள். பின்னால் தொங்கவிட ஒரு சாம்பல் நிறத் திரை வைத்திருந்தேன். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கறுப்புக் கோட்டு. ஒல்லியானவர்களுக்கு முதுகுப்பக்கம் ஊசி குத்தி இறுக்குவேன். கடைக்காரர் சீப்போடு வந்து கடைசியாக ஒரு முறை வகிடெடுத்துவிட்டு, "ம்" என்பார். அதன் பிறகுதான் நான் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவேன்.

கந்தோரில் எழுத்து வேலை பார்த்த சிலர் முன்பக்கம் சவரம் செய்துகொள்வார்களே தவிர, பின்பக்கம் வரமாட்டார்கள். சவரக் கடையில் எடுத்த படம் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? அது கடைக்காரருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

நான் சொல்ல வந்தது செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். பதினாறு வயதில் கப்பலேறியவர். அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. தான் குடியிருந்த தொழிலாளர் லயத்தில் யாரையாவது பிடித்து மாதம் ஒரு கடிதம் எழுதிப் போடுவார். தன் படத்தை அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்.

கடைக்காரர் அன்று நிதானமாக வேலை செய்தார். முன்முடியை நெற்றியில் அலை மாதிரி சரித்துவிட்டார். அப்போது டவுனில் அதுதான் பிடித்தமான வெட்டு. மீசையை மெல்லியதாக ஒதுக்கினார். கோட்டு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. எனக்கும் கை நன்றாக வந்தது. படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது ஒரு குறைதான் கண்ணில் பட்டது. இடது புருவத்துக்கு மேலே பள்ளமாக ஒரு பழைய தழும்பு. பாதியை முடி மறைத்திருந்தது, மீதி தெரிந்தது. நான் பென்சிலைக் கூர்சீவி, தகட்டில் அந்தத் தழும்பை மெல்ல மெல்ல நிரப்பினேன். பத்து நிமிஷ வேலை. காகிதத்தில் எடுத்தபோது நெற்றி வழவழவென்று இருந்தது. அவர் கேட்டுச் செய்ததல்ல. நானாகச் செய்தேன், பெருமையோடு.

படத்தைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பார்த்தார். "இது நானா?" என்று சிரித்தார். அஞ்சடியில் உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் கொண்டுபோய்க் காட்டினார். அந்த வாரமே தபாலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

இரண்டு மாதம் கழிந்து, வேலை நாள் ஒன்றில், பட்டறைச் சட்டையோடு கடைக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு கடிதத்தை நீட்டினார்.

"லயத்துல ஒருத்தர் படிச்சுக் காட்டினாரு. சரியாத்தான் படிச்சாரான்னு தெரியல. நீங்க படிங்க, படக்காரரே."

அவருடைய அண்ணன், ஊர் வாத்தியாரை வைத்து எழுதிய கடிதம். 'எங்கள் தம்பி பெயரில் கடிதம் எழுதும் ஐயாவுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. மேற்கொண்டும் சத்தமாகப் படித்தேன். படத்தில் இருப்பவர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. தம்பிக்கு நெற்றியில் மாட்டுக்கொம்பு கீறிய தழும்பு உண்டு. இந்த முகத்தில் அது இல்லை. அவன் இறந்துபோயிருந்தால் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அம்மா சரியாகச் சாப்பிட்டு நாளாகிறது. இவ்வளவுதான் கடிதம்.

"அப்ப அவர் சரியாத்தான் படிச்சிருக்காரு" என்றார் அந்த மனிதர். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "கண்ணாடியில பாக்கறப்ப இது என் கண்ணுல படறதே இல்ல. படத்துல இல்லங்கறதும் எனக்குத் தெரியல."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். பென்சிலால் எப்படி அழிப்பது என்றுகூட விளக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த மனிதருக்கும் நான் அவ்வளவு பெரிய தீங்கு செய்ததில்லை. அதுவும் ஒரு பென்சில் முனையால்.

கடைக்காரர் கத்தியை மடக்கி வைத்தார். "நான் வெட்டினது வளந்துடும் தம்பி. நீ எடுத்தது எப்படி வளரும்?"

எனக்குச் சுருக்கென்றது. "பாதியை நீங்கதானே அண்ணே முடியை இறக்கி மறைச்சீங்க?" என்றேன்.

அவர் நாற்காலியைத் துணியால் தட்டி, "உக்காரு" என்று அந்த மனிதரிடம் சொன்னார். "ஊர்ல இருந்தப்ப தலை எப்படி வச்சிருந்தே?"

"குடுமி அண்ணே. இங்க வந்த மறு மாசமே எடுத்துட்டேன்."

"அது இனி ஆகாது. மீசை?"

"அப்ப ஏது மீசை. பதினாறு வயசு."

கடைக்காரர் தண்ணீர் தெளித்து முன்முடி முழுவதையும் பின்னால் வாரினார். நெற்றி வெளியே வந்தது. பிறகு சோப்பைக் குழைத்துக்கொண்டு நின்றார். என்ன செய்யப்போகிறார் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"மீசை இருக்கட்டுமே" என்றார் அந்த மனிதர்.

கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை. தெருவில் ஒரு மாட்டுவண்டி போகிற சத்தம் கேட்டு அடங்கியது. "சரி, எடுங்க" என்று அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

மீசை போன முகத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். மேலுதடு வெளிறிப்போய், பத்து வருஷத்தைத் துடைத்து எறிந்ததுபோல் இருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்க மறுத்து நேராகக் கொல்லைக்கு நடந்தார். கோட்டு வேண்டாம் என்றேன். அந்த அழுக்குச் சட்டையிலேயே உட்காரவைத்தேன். மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டு, வெயில் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியைத் திருப்பினேன். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் தழும்பு தெரியும். அழகாகக் காட்டுவதற்கு நான் கற்றுக்கொண்டதையெல்லாம் அன்று தலைகீழாகச் செய்தேன்.

ஒரு படம் எடுத்த பிறகு கடைக்காரர் வாசற்படியில் நின்றபடி சொன்னார். "விரலை வச்சுக் காட்டட்டும். சந்தேகமே வரக் கூடாது."

அவர் சுட்டுவிரலைத் தழும்பின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை மாதிரி கேமராவைப் பார்த்தார். அதையும் எடுத்தேன். இரண்டையும் அனுப்பினோம். கூட ஒரு கடிதம், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. கொம்பால் கீறிய மாட்டின் நிறம், அன்று காயத்தில் அம்மா வைத்துக் கட்டிய பச்சிலை, மறுநாள் கட்டை அவிழ்த்தது யார் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் தழும்பை மறைத்தது நான்தான் என்று என் சொந்தப் பொறுப்பில் இரண்டு வரி சேர்த்தேன்.

பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். வெட்டுவதற்கு முடி இருக்காது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், மதியம் எழுந்து போவார். மீசை திரும்பவும் முளைத்து ஒழுங்கில்லாமல் வளர்ந்தது. கடைக்காரர் அதைத் தொடவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் நான் பென்சிலை எடுக்கவே இல்லை. அம்மைத்தழும்பு நிறைந்த ஒரு டிக்கெட்காரர் தன் படத்தைப் பார்த்துவிட்டு வாங்க மாட்டேன் என்று வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் கழுத்துக் கட்டியைப் படத்திலிருந்து ஏன் எடுக்கவில்லை என்று சண்டை பிடித்தார். எடுக்க மாட்டேன் என்று நானும் வீம்பாகச் சொன்னேன். அவர் போனதும் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பண்ணின தப்புக்கு அந்த ஆள் என்ன பண்ணுவாரு? எடுக்காதேன்னு யார் சொன்னா? கேட்டுட்டு எடு. அவ்வளவுதானே."

அதன் பிறகு கொல்லைக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன். இந்தப் படம் யாருக்குப் போகிறது? பெண் பார்க்க என்பார் ஒருவர். பெண்டாட்டிக்கு, மூணு வருஷமாச்சு என்பார் இன்னொருவர். யாருக்கும் இல்லை, எனக்கேதான் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னவர்களும் உண்டு. பதிலைக் கேட்ட பிறகு வெளிச்சத்தை எங்கே வைப்பது என்பது எனக்குத் தானாகப் புரிந்தது. கடைக்காரரும் அதையே கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார் என்பதைச் சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது. கடை நிறைய ஆள். நான்தான் படித்தேன். இந்த முறை தம்பிக்கு என்று ஆரம்பித்திருந்தது. விரல் வைத்த படத்தை அம்மா வாங்கி, தானும் அதே இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள் என்று அண்ணன் எழுதியிருந்தார். அன்று மத்தியானம் சோறு போடச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டாள். ஏன் இப்படி இளைத்துப்போயிருக்கிறான் என்று கேட்கச் சொல்கிறாள்.

"சாப்பிட்டதை இன்னொருக்கா படிங்க" என்றார் அவர்.

படித்தேன். அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குள் நாற்காலியில் இருந்தவரைக் கடைக்காரர் எழுப்பிவிட்டிருந்தார். முகத்தில் பாதி சோப்போடு அந்த ஆள் மறுபேச்சில்லாமல் எழுந்து நின்றார். கடைக்காரர் நாற்காலியில் இவரை உட்காரவைத்து மீசையை ஒதுக்கிவிட்டார்.

மறு வருஷம் அவர் லீவு எடுத்து ஊருக்குப் போனார். திரும்பி வந்ததும் எங்களைப் பார்க்க வந்தார். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஆனாலும் நன்றாக இருக்கிறாள் என்றார். நான் தயங்கித் தயங்கிப் படங்களைப் பற்றிக் கேட்டேன்.

"முதல் படம் கூடத்துல மாட்டியிருக்கு" என்றார். "கோட்டுப் போட்டது."

எனக்குப் புரியவில்லை. "அந்தப் படத்தைப் பாத்துத்தானே ஆளே இல்லைன்னு நெனைச்சாங்க?"

"ஆமா. ஆனா வர்றவங்க போறவங்க பாக்கறதுக்கு அதுதான் நல்லா இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்க. விரல் வச்சதை யாருக்கும் காட்டறதில்ல. அது அவங்க பெட்டியில இருக்கு."

அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எல்லார் மனதையும் அவ்வளவு பாடு படுத்திய படம் சுவரில் இருக்கிறது. உண்மையைச் சொன்ன படம் பெட்டிக்குள் கிடக்கிறது. முதலில் அது எனக்குத் தோல்வியாகத்தான் பட்டது. கடைக்காரரிடம் சொன்னேன்.

அவர் படிகாரக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஊருக்குக் காட்ட ஒண்ணு, தனக்கு ஒண்ணு. அந்த அம்மா ரெண்டையுமே தூக்கிப் போடலையே" என்றார்.

நாங்கள் அந்தக் கொல்லையில் மேலும் ஆறு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். எத்தனையோ முகங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டது சுவரில் மாட்டுகிற படத்தைத்தான், அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். எப்போதாவது ஒருவர், வேலை முடிந்து வந்த சட்டையோடு, இப்படியே எடுங்கள் என்பார். கடைக்காரர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, தலையைக்கூடத் தொடாமல், "ம்" என்று மட்டும் சொல்வார்.