நிராகரிக்கச் சொன்ன கீறல்

இன்ஷூரன்ஸ் சர்வேயராகப் பதினாறு வருடம் குப்பை கொட்டியவள் அவள். இத்தனை வருடத்தில் கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, கார்க் கதவில் தாங்களே ஆணியால் கோடு போட்டுவிட்டுப் பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் "என் க்ளெய்மை நிராகரிச்சிடுங்க" என்று ஒருவர் போன் போட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"எதுக்கு சார்?"

"நேர்ல வாங்கம்மா, சொல்றேன்."

அதற்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளுமா? பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். லாரி மோதியது, பாலத்திலிருந்து விழுந்தது போன்ற பெரிய கேஸ்களுக்கெல்லாம் போட்டி இருக்கும். சின்னக் கீறல் பாலிசி என்றால் ஆளாளுக்கு நழுவிவிடுவார்கள். காரில் விழும் சின்னக் கோடு, சின்னச் சொட்டை இவற்றுக்கென்றே தனியாக எடுக்கிற பாலிசி அது. கீறல் ஒரு ஸ்கேல் நீளத்தைத் தாண்டக் கூடாது, தகரம் கிழிந்திருக்கக் கூடாது. தெரியாமல் பட்டதாக இருந்தால் பெயின்ட் அடித்துத் தருவார்கள். வேண்டுமென்றே யாராவது கீறியதென்றால் கிடையாது. இந்த அற்ப சொற்பக் கேஸ்களெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். அவளும் அல்வாத் துண்டு கிடைத்த மாதிரி எடுத்துக்கொள்வாள். பெரிய விபத்தில் என்ன இருக்கிறது, எல்லாம் நொறுங்கிப்போய்க் கிடக்கும்; கீறல்தான் பேசும் என்பது அவள் கட்சி. பிரிட்ஜ் கதவில் பெல்ட் பக்கிள் உரசிய தடத்தை வைத்தே, சர்க்கரை வியாதிக்காரக் கணவர் திருட்டுத்தனமாக ஐஸ்கிரீம் சாப்பிடுவதைக் கண்டுபிடித்தவள். அன்றிலிருந்து அந்த மனுஷன் வீட்டுக்குள் பெல்ட் போடுவதில்லை.

போன் செய்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு மாடி வீடு. கீழே அவர், மேலே அவருடைய தம்பி. இருவருக்கும் ஒரே கேட். உள்ளே நுழைந்ததும் நீல நிறக் கார் துடைத்து வைத்த மாதிரி நின்றது. வாத்தியார் ஒரு நோட்டை நீட்டினார். கீறல் விழுந்த மூன்று தேதிகள், அன்று தம்பி வீட்டில் இருந்த நேரம், அவன் முகத்தில் தெரிந்த பாவம், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது.

"அவன் சரக்கு வேனை நிறுத்த என் கார் இடத்தைக் கேட்டான். முடியாதுன்னேன். அன்னையிலேர்ந்து எட்டு மாசமாப் பேச்சு வார்த்தை இல்ல. இது மூணாவது கீறல். வேணும்னே கீறினதுன்னு நீங்க எழுதிக் குடுங்க. க்ளெய்ம் போனாப் போகட்டும். அந்தப் பேப்பரை வச்சு அவன் மேல போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

"கூடப் பொறந்த தம்பி மேலயா சார்?"

"கூடப் பொறந்தவன் செய்யற வேலையாம்மா இது?"

"காரைப் பாத்து கேமரா வச்சிருக்கீங்க போலிருக்கே. அதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. அவ்வளவு கெட்டிக்காரன் அவன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார் அருகே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். மூன்றுமே இடது பக்கப் பின்கதவில் இருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நடந்துகொண்டே கையால் கீறினால் கோடு ஏறும், இறங்கும், மனுஷனுடைய கோபத்தைப் போல ஒரு இடத்தில் அழுந்தும், ஒரு இடத்தில் தளரும். இவை ஸ்கேல் வைத்துப் போட்டவை போலத் தரைக்கு இணையாக ஓடின. முன்பக்கம் ஆழம், பின்னால் போகப் போக மெலிசு. டேப்பை எடுத்து அளந்தாள். மூன்றும் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரே உயரம்.

நின்ற காரை யாரும் கீறவில்லை. ஓடுகிற கார்தான் எதிலோ உரசியிருக்கிறது.

எழுந்து கேட்டுக்குப் போனாள். இடது தூணின் கீழ்க் கீல் அதே உயரத்தில் இருந்தது. வெளியே துருத்திக்கொண்டிருந்த போல்ட்டின் தலையில் நீலப் பெயின்ட் துணுக்கு ஒட்டியிருந்தது.

இதோடு அவள் போயிருக்கலாம். 'தெரியாமல் பட்டது' என்று எழுதி, பெயின்ட் அடிக்க அனுமதி கொடுத்துவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டை முடித்திருக்கலாம். ஆனால் அவள் மனசு கேட்கவில்லை. கட்டம் போட்டு நோட்டு எழுதுகிற மனுஷன், ஒரே தூணில் மூன்று தடவை எப்படி இடிப்பார்?

"சார், உரசற சத்தம் கேட்டதே இல்லையா?"

"ரேடியோ போட்டிருப்பேன். ஏம்மா?"

"கொஞ்சம் வண்டியில உக்காருங்க. நேரா கேட்டை மட்டும் பாருங்க, தலையைத் திருப்பாதீங்க. நான் பின்னாலேர்ந்து நடந்து வர்றேன். கண்ணுல பட்டதும் சொல்லுங்க."

வலது பக்கமாக வந்தாள். முன்கதவை நெருங்கியதுமே, "வந்துட்டீங்க" என்றார். மறுபடி பின்னால் போய் இடது பக்கமாக வந்தாள். பின்கதவைத் தாண்டினாள். முன்கதவைத் தாண்டினாள். பக்கக் கண்ணாடியைத் தாண்டினாள். முன்சக்கரத்தையும் தாண்டி, ஏறக்குறைய வண்டிக்கு முன்னாலேயே வந்துவிட்டாள்.

"ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டவர், அடுத்த நொடி அவளைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கு வாத்தியாருக்கு விடையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை நடக்கச் சொன்னார். இரண்டு தடவையும் அதே இடத்தில்தான் அவள் தெரிந்தாள். இறங்கி வந்து கேட் போல்ட்டை விரலால் தடவினார். விரலை வெகுநேரம் பார்த்தார்.

எப்போதும் ஒரு கீறலின் கதை பிடிபட்டதும் அவளுக்குக் குஷி பிய்த்துக்கொண்டு போகும். இன்று அப்படி இல்லை. இந்த மனுஷன் இத்தனை நாள் ரோட்டில் வண்டி ஓட்டியிருக்கிறாரே என்று பயந்தாள்.

"தெரியாமப் பட்டதுன்னுதான் எழுதப் போறேன் சார். பெயின்ட் அடிச்சுத் தருவாங்க. ஆனா முதல்ல கண் டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

அவர் நோட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேச்சுச் சத்தம் கேட்டோ என்னவோ, மாடியிலிருந்து தம்பி படியிறங்கி வந்தார். செருப்பில்லாத கால். அண்ணனைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்கி, கூப்பிடாமலே வந்து நின்றார்.

"அவனை என்னென்னவோ சொல்லிட்டேன். இனிமே எப்படிம்மா அவன் மூஞ்சியில முழிப்பேன்?" என்றார் வாத்தியார். "நீங்களே மாடிக்குப் போய் அவன்கிட்ட சொல்லிடுங்க. என்னைப் பாத்தா நின்னு பேச மாட்டான். எட்டு மாசமா என் பக்கத்துலகூட வர்றதில்ல அவன்."

தம்பி அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.